ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன்: மலிவு விலை மவுண்ட் வாங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

போன வாரம் நூறு கஜத்தில் நடுவில் விழுந்த குண்டு இந்த வாரம் நான்கு அங்குலம் தள்ளி விழுந்தால், பழி முதலில் ஸ்கோப்பின் மேல், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின் மேல், விழும். அடுத்து தோட்டாவின் மேல். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைத்திருக்கும் மவுண்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான், அதற்குள் புது ஸ்கோப்பே வாங்கியிருப்பார்கள்.

மவுண்டைப் பற்றிய அறிவுரையும் பெரும்பாலும் இரண்டே வகை. "எல்லாம் ஒரே இரும்புதான், இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கு" என்பது ஒன்று. "ஸ்கோப் விலையில் பாதியாவது மவுண்டுக்குப் போடாவிட்டால் வீண்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்ப வேண்டாம். மான் வேட்டைக்கான சாதாரண போல்ட் ரைஃபிளுக்கு ஏறத்தாழ 50, 60 டாலரில் ஆயுசுக்கும் அசையாத மவுண்ட் கிடைக்கிறது. அதே விலையில் ஒரு சீசன்கூடத் தாங்காததும் கிடைக்கிறது. எதைப் பார்த்துப் பிரித்தறிவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அதனால் இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் துப்பாக்கிகளை. முக்கியமாக, 1962-இல் சந்தைக்கு வந்து இன்றும் எங்கும் காணப்படும் ரெமிங்டன் 700-ஐ.

மவுண்ட் என்றால் எதெல்லாம்?

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் எஃகு உருளை போல்ட். அது ஓடும் எஃகுக் கூட்டுக்கு ரிசீவர் என்று பெயர். அதன் தலையில் திருகி மாட்டும் அடித்தட்டு பேஸ். பேஸின் மேல் உட்கார்ந்து ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு வளையங்கள் ரிங். பேஸும் ரிங்கும் சேர்ந்ததுதான் மவுண்ட்.

பேஸ் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு துண்டாக இருக்கலாம், நீளமான ஒரே துண்டாகவும் இருக்கலாம். ஒரே துண்டாக, நெடுக வெட்டுக்காடிகளோடு இருப்பதை ரெயில் என்பார்கள். சிலவற்றில் ரிங்கின் கீழ்ப்பாதியும் பேஸும் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து வருகின்றன. டாலி நிறுவனத்தின் லைட்வெயிட், டிஎன்இசட் நிறுவனத்தின் கேம் ரீப்பர் இந்த ரகம்.

இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு துண்டு பேஸும் தனி ரிங்குகளும் என்றால் ரிசீவர்-பேஸ் இரண்டு, பேஸ்-ரிங் இரண்டு, ரிங்-குழாய் இரண்டு, ஆக ஆறு இடத்தில் ஒன்றை ஒன்று பிடித்திருக்க வேண்டும். சேர்ந்தே வரும் ரகத்தில் நடுவில் இருக்கும் இரண்டும் கிடையாது. குறைந்த பணத்தில் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஒவ்வொரு இணைப்பையும் துல்லியமாகக் கடைவதற்குச் செலவாகும். இணைப்பே இல்லாத இடத்தில் அந்தச் செலவும் இல்லை, தளர்வதற்கும் ஒன்றுமில்லை.

சுடும் கணத்தில் என்ன நடக்கிறது?

நின்றுகொண்டிருக்கும் டவுன் பஸ் வெடுக்கென்று கிளம்பினால், கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் பின்னால் சாய்வார். அவரை யாரும் பின்னால் தள்ளவில்லை. பஸ் போய்விட்டது, அவர் உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. கம்பியைப் பிடித்த கைதான் அவரைப் பஸ்ஸோடு இழுத்துச் செல்கிறது.

துப்பாக்கி பஸ், ஸ்கோப் பயணி, ரிங் அந்தக் கை. சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஆகவே பிடி போதாவிட்டால் ஸ்கோப் ரிங்குக்குள் முன்னோக்கி வழுக்கும். பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். "உதை பின்னால்தானே, ஸ்கோப் ஏன் முன்னால் போகிறது" என்ற குழப்பத்தில் ரிங்கைத் தப்பான பக்கம் முட்டுக்கொடுப்பவர்கள் ஏராளம்.

பிடி எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்? .30-06 தோட்டாவில் 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்) குண்டைச் சுட்டால், சுமார் 4 கிலோ எடையுள்ள ரைஃபிள் வினாடிக்கு ஏறத்தாழ 3.5 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. இதற்கு ஆகும் நேரம் ஒன்றிரண்டு மில்லிவினாடி. 450 கிராம் ஸ்கோப்பை 2 மில்லிவினாடியில் அந்த வேகத்துக்கு இழுத்துப் போக ஏறக்குறைய 790 நியூட்டன் விசை வேண்டும். அதாவது 80 கிலோ மூட்டையைத் தாங்கும் விசை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தரம், அதுவும் பெரும்பாலும் வழுவழுப்பான அலுமினியக் குழாயின் மேல் வெறும் உராய்வால் மட்டும்.

இதிலிருந்து தெரிவது: ஸ்கோப்பின் எடை கூடக்கூட மவுண்டின் பாரமும் அதே விகிதத்தில் கூடுகிறது. 350 கிராமுக்குள் இருக்கும் எளிய 3-9x40 ஸ்கோப்புக்கு (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) போதுமான ரிங், 800 கிராம் ஸ்கோப்புக்குப் போதாமல் போகலாம்.

சுருக்கமாக: மவுண்டின் முதல் வேலை உதையின்போது ஸ்கோப்பை வழுக்கவிடாமல் பிடிப்பது. ஸ்கோப் வழுக்கும் திசை முன்னோக்கி.

ஒரு தாளின் தடிமன், 80 மில்லிமீட்டர்

இரண்டாவது வேலை, குண்டு வெளியேறும் குழாயான பாரலும் ஸ்கோப்பும் பார்க்கும் திசையை மாறாமல் வைத்திருப்பது. இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே 125 மி.மீ. இடைவெளி என்று வையுங்கள். ஒரு சாதாரண அச்சுத்தாளின் தடிமன் 0.1 மி.மீ. பின் ரிங் அந்த அளவு மட்டும் உயர்ந்தால், 100 மீட்டரில் குறி 80 மி.மீ. நகர்ந்துவிடும். 125-இல் 0.1 என்பதும் 1,00,000-இல் 80 என்பதும் ஒரே விகிதம், வேறு மாயமில்லை.

ஸ்கோப்பைத் திருத்தும் அளவு எம்.ஓ.ஏ., அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நூறு கஜத்தில் இது ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். வேட்டை ஸ்கோப்புகளில் குமிழை ஒரு கிளிக் திருப்பினால் பெரும்பாலும் கால் எம்.ஓ.ஏ. நகரும், 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. ஆகவே தாளின் தடிமன் அளவு கோணலை 11 கிளிக்கில் சரிக்கட்டிவிடலாம்.

இங்கேதான் பலர் இரண்டு குறைகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். கோணலாக இருந்து, ஆனால் அசையாமல் இருக்கும் மவுண்ட், ஸ்கோப்பின் திருத்த எல்லையில் கொஞ்சத்தைத் தின்னும், அவ்வளவுதான். வேட்டைக்கு அது பெரிய விஷயமே இல்லை. நேராக இருந்து, ஆனால் சுடச்சுட நகரும் மவுண்டுக்கு மருந்தில்லை. அதை வைத்து ஜீரோ, அதாவது குறிப்பிட்ட தூரத்தில் குறுக்குக்கோடும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி செய்த அமைப்பு, நிற்கவே நிற்காது.

மூன்றாவதாக ஒரு குறை உண்டு, அது வெளியே தெரியாது. முன் ரிங்கும் பின் ரிங்கும் ஒரே கோட்டில் இல்லாமல் இருந்து, மேல்மூடியை இறுக்கும்போது ஸ்கோப் குழாயே வளைவது. ஜூம் வளையம் திடீரென்று கடினமாகிவிட்டால், கழற்றும்போது குழாயில் பிறை வடிவில் தழும்பு தெரிந்தால், இதுதான் காரணம்.

வீவரும் பிகாட்டினியும்

1930-இல் தொடங்கிய வீவர் நிறுவனத்தின் அலுமினிய பேஸ், வேட்டைத் துப்பாக்கிகளில் பல பத்தாண்டுகளாக எளிமைக்கும் மலிவுக்கும் பேர்போனது. அதில் குறுக்கே ஒரு காடி, ரிங்கின் குறுக்கு போல்ட் அதில் உட்காரும். காடியின் அகலம் 0.180 அங்குலம், அதாவது 4.57 மி.மீ. அதே யோசனையை அமெரிக்க ராணுவம் 1995-இல் தரப்படுத்தியபோது பிகாட்டினி ரெயில் வந்தது. அதில் காடி அகலம் 0.206 அங்குலம், அதாவது 5.23 மி.மீ. காடிகளின் நடு-நடு இடைவெளி எப்போதும் 10.01 மி.மீ. வீவரில் இடைவெளிக்கு அப்படியொரு கட்டுப்பாடு இல்லை.

அதனால் வீவர் ரிங் பிகாட்டினி ரெயிலில் பெரும்பாலும் உட்காரும். பிகாட்டினி ரிங்கின் தடித்த குறுக்குக்கட்டை வீவர் காடியில் இறங்காது. கடைப்பெட்டியில் "வீவர்/பிகாட்டினி" என்று சேர்த்து எழுதியிருந்தால் மெல்லிய கட்டை என்று பொருள், இரண்டிலும் போகும்.

வீவர் ரிங்கைப் பெரிய காடியில் வைத்தால் முன்னும் பின்னும் சிறிது ஆட்டம் இருக்கும். இறுக்குவதற்கு முன் ரிங்கை முன்னோக்கி, பாரல் பக்கம் தள்ளி, குறுக்கு போல்ட் காடியின் முன்சுவரில் முட்டும்படி வைக்க வேண்டும். பஸ் கணக்கை நினைவில் வைத்தால் காரணம் புரியும்: உதையில் போகவிருக்கும் திசையில் முன்கூட்டியே முட்டுக்கொடுத்துவிட்டால் அது போக இடமில்லை.

பழைய துப்பாக்கிகளில் ரெட்ஃபீல்ட் பாணி பேஸ் இருக்கும். முன் ரிங் ஒரு குழியில் செருகி 90 பாகை திருப்பப்படும், பின் ரிங்கை இரு பக்கத் திருகுகள் பிடிக்கும். நல்ல அமைப்புதான், ஆனால் முன் ரிங்கைத் திருப்ப ஸ்கோப்பையே நெம்புகோலாக்கி விடக்கூடாது. ஓர் அங்குல விட்டமுள்ள உருட்டுக்கட்டை போதும். .22 தோட்டா ரகங்களில் ரிசீவரிலேயே புறாவின் வால் வடிவில் வெட்டிய 11 மி.மீ. காடிக்கு (டவ்டெயில்) வேறு ரிங்.

உங்கள் துப்பாக்கிக்கு எது என்பதில் மாடல் பெயர் மட்டும் போதாது. ரெமிங்டன் 700-இலேயே .308 தோட்டாவுக்கான குட்டை ரிசீவருக்கும் .30-06 தோட்டாவுக்கான நெட்டை ரிசீவருக்கும் ரெயில் வேறு. ஸாவேஜ் 110-இல் பழையதன் பின்பகுதி தட்டை, புதியது உருண்டை. இன்னொன்று: ரூகர் எம்77 ஹாக்ஐ துப்பாக்கிக்கு ரிசீவரிலேயே பேஸ் கடைந்திருக்கும், ரிங்கும் பெட்டியிலேயே வரும். அதை மறந்துவிட்டு மறுபடி வாங்குகிறவர்களைப் பார்த்தால் கடைக்காரர் சொல்லவா போகிறார்.

சுருக்கமாக: ரிங்கும் பேஸும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். பேஸ் உங்கள் ரிசீவரின் நீளத்துக்கும் வளைவுக்கும் பொருந்த வேண்டும்.

உயரம்: கண்ணால் மதிக்காமல் அளந்து பாருங்கள்

குழாயின் விட்டம் 1 அங்குலமா (25.4 மி.மீ.) 30 மி.மீ.யா என்பதை ஸ்கோப் பெட்டியே சொல்லும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாது. உயரம்தான் தொல்லை. "லோ, மீடியம், ஹை" என்ற பெயர்களுக்கு எந்தப் பொதுத்தரமும் இல்லை. ஒருவரின் மீடியம் இன்னொருவரின் லோ.

கணக்கு இதுதான். ஸ்கோப்பின் முன்கண்ணாடிக் கூட்டின் வெளிவிட்டத்தை அளந்து பாதியாக்குங்கள். அதோடு 3 மி.மீ. காற்றிடைவெளி சேருங்கள். அதிலிருந்து, முன்கண்ணாடி வந்து நிற்கும் இடத்தில் பாரலின் மேல்முகத்தைவிட பேஸின் மேல்முகம் எவ்வளவு உயரம் என்பதைக் கழியுங்கள். 40 மி.மீ. கண்ணாடியுள்ள ஸ்கோப்பின் வெளிவிட்டம் 48 என்றால் பாதி 24, இடைவெளியோடு 27. பேஸ் 9 மி.மீ. உயரம் என்றால் மீதி 18. பேஸின் மேல்முகத்திலிருந்து குழாயின் நடுவரை குறைந்தது 18 மி.மீ. உள்ள ரிங் வேண்டும்.

இதில் ஒரு பொறி. சில நிறுவனங்கள் உயரத்தைக் குழாயின் நடுவரை அளக்கின்றன, சில அடிவரை. 30 மி.மீ. குழாயில் இந்த வித்தியாசமே 15 மி.மீ. இணையத்தில் வாங்கும்போது அளவுப்படத்தில் அம்புக்குறி எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முட்டாத அளவில் மிகத் தாழ்ந்ததுதான் நல்லது. ஸ்கோப் உயர்ந்தால் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையை விட்டு எழும்பிவிடும், ஒவ்வொரு முறையும் தலை வேறு இடத்தில் நிற்கும். கீழே பாரலின் மேலுள்ள இரும்புக்குறியையும் பார்க்கலாம் என்று விற்கும் துளையிட்ட உயர் மவுண்டுகளை இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கலாம். ஆனால் தாழ்த்தும் ஆசையில் போல்ட் கைப்பிடியை மறக்கக்கூடாது. அது மேலே வரும்போது ஸ்கோப்பின் பின்பகுதியில் இடிக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எதற்குக் காசு கொடுக்கலாம்?

"எஃகுதான் வேண்டும்" என்பது பாதி உண்மை. எஃகின் அடர்த்தி அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மலையேறி வேட்டையாடுபவருக்கு அது சுமை. குளிரில் அலுமினியம் சுருங்கும் என்று பயமுறுத்துவோரும் உண்டு. ஸ்கோப் குழாயே அலுமினியம்தான். ரிங்கை மட்டும் எஃகாக்கினால் அந்தப் பிரச்சினை போய்விடாது. .243, .308, .30-06 உதைக்கு நன்றாகக் கடைந்த அலுமினியம் தாராளம். .338 மேக்னம் போன்ற அதிக உதையுள்ள தோட்டாக்களில் எஃகு பேஸ் வாங்குவது நியாயம்.

மலிவில் கைவிடும் இடங்கள் வேறு. ஒன்று, திருகுகள்: மென்மையான உலோகத்தில் செய்த அறுகோணத் தலைத் திருகு இரண்டாம் முறை கழற்றும்போதே வழுக்கி உருண்டையாகிவிடும். டி-15 நட்சத்திரத் தலை இருந்தால் நல்ல அறிகுறி. இரண்டு, நெம்புகோல் வைத்த விரைவில் கழற்றும் ரிங்குகள். நல்லவையும் இருக்கின்றன, ஆனால் 20 டாலரில் இல்லை. மூன்று, உள்வட்டம் சரியாக வட்டமாக இல்லாத ரிங். குழாயை வைத்துப் பார்த்தால் இரண்டு விளிம்பில் மட்டும் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரியும்.

இந்த மூன்றாவதற்குக் குறைந்த செலவில் நல்ல தீர்வு பர்ரிஸ் நிறுவனத்தின் சிக்னேச்சர் ஜீ ரிங். உள்ளே பிளாஸ்டிக் பட்டை ஒன்று கோளம் போல உருண்டு குழாயின் திசைக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ளும். குழாயில் தழும்பும் விழாது. நடுவிலகிய பட்டைகளைப் போட்டு பேஸின் கோணலையும் சரிக்கட்டலாம். சாதாரண ரிங்குகளின் உட்பக்கத்தைத் தேய்ப்புப்பசை போட்டுத் தேய்த்துச் சமன் செய்யும் வழக்கம் உண்டு. பட்டை வைத்த ரிங்குக்கு அது கூடவே கூடாது, மற்றவற்றுக்கும் பெரும்பாலும் தேவைப்படாது.

20 எம்.ஓ.ஏ. சாய்வு ரெயில் ஆயிரம் கஜம் சுடுபவர்களுக்கு. 300 கஜத்துக்குள் மான் சுடுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, சின்ன ஸ்கோப்பில் நூறு கஜ ஜீரோவே எட்டாமல் போகலாம்.

என் தேர்வைக் கேட்டால் வரிசை இது: ரிங்கும் பேஸும் சேர்ந்த அலுமினிய மவுண்ட், அது உங்கள் மாடலுக்கு இல்லாவிட்டால் இரண்டு துண்டு வீவர் பேஸில் பட்டை வைத்த ரிங். மிச்சப் பணத்தில் முறுக்குவிசை காட்டும் திருப்புளி ஒன்று வாங்குங்கள். 150 டாலர் ரிங்கைக் கைக்கணக்கில் இறுக்குவதைவிட, 50 டாலர் ரிங்கை அளந்து இறுக்குவது மேல்.

மாட்டும்போது கெடுப்பவை

துப்பாக்கியின் தோட்டாப்பெட்டியையும் (மேகசின்), பாரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையையும் காலி செய்து, கண்ணாலும் விரலாலும் சரிபார்த்த பிறகே தொடங்குங்கள்.

ரிசீவரின் மேல்முகம், திருகுத்துளை, திருகு எல்லாவற்றிலும் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். ஐசோபிரைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். ரிங்கின் உட்புறத்தையும் குழாயையும்கூட. உராய்வை நம்பி இருக்கும் இடத்தில் எண்ணெய் எதிரி.

ஒரே துண்டு ரெயில் என்றால் முன்பக்கத் திருகுகளை மட்டும் இறுக்கிவிட்டுப் பின்முனையில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் நுழைந்தால் ரிசீவரின் பின்பகுதி தாழ்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியே இறுக்கினால் ரெயில் வில்லாக வளையும், ஸ்கோப்பும் அதோடு வளையும். துப்பாக்கி மெக்கானிக் எபாக்சி பசையால் அந்த இடைவெளியை நிரப்பித் தருவார். இரண்டு துண்டு பேஸில் பேஸ் வளையாது, ஆனால் ரிங்குகள் ஒரே கோட்டில் நிற்காமல் போகலாம்.

பேஸோடு வரும் திருகுகள் ஒரே நீளமாக இருக்காது. ரெமிங்டன் 700-இல் முன்கோடித் துளைக்கு நீளமான திருகைப் போட்டுவிட்டால் அதன் நுனி உள்ளே இறங்கி போல்ட்டை இடிக்கும், அல்லது பாரலின் மரையில் முட்டி நின்று, பேஸ் இறுகாமலேயே இறுகியது போல நடிக்கும். ஒவ்வொரு திருகுக்குப் பிறகும் போல்ட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள்.

முறுக்குவிசையை அமெரிக்காவில் அங்குல-பவுண்டில் சொல்வார்கள். 10 அங்குல-பவுண்டு என்பது 1.13 நியூட்டன் மீட்டர். பேஸின் 6-48 அளவுத் திருகுகளுக்குப் பெரும்பாலும் ஏறத்தாழ 20 அங்குல-பவுண்டு. ரிங் மேல்மூடிக்கு 15 முதல் 20-க்குள். குறுக்கு போல்ட்டுக்கு ரகத்தைப் பொறுத்து 30-லிருந்து 65 வரை போகும், ஆகவே அந்தந்த நிறுவனத்தின் தாளில் போட்டிருப்பதே கணக்கு. நீலநிறத் திருகுப்பசை ஒரு பொட்டு பேஸ் திருகுகளுக்குப் போதும். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடுகாட்ட வேண்டிவரும். ரிங் மேல்மூடித் திருகுகளில் எந்தப் பசையும் வைக்காதீர்கள். ஈரமான மரை வழுக்கலாக இருப்பதால் அதே எண்ணில் அதிகமாக இறுகிக் குழாயை நசுக்கும்.

மேல்மூடியை ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கால் திருப்பு, கால் திருப்பாக. முடிந்ததும் மேல், கீழ்ப் பாதிகளுக்கு நடுவே இருபுறமும் சமமான இடுக்கு தெரிய வேண்டும். இடுக்கே இல்லாமல் மூடிக்கொண்டால் ரிங் பெரிது, குழாயைப் பிடிக்கவில்லை. பழைய வீவர் ரிங்குகளில் திருகுகள் ஒரே பக்கம் இருப்பதால் இறுக்க இறுக்க ஸ்கோப் அந்தப் பக்கம் உருளும். முன்கூட்டியே குறுக்குக்கோட்டை மறுபக்கம் லேசாகச் சாய்த்து வைத்துத் தொடங்கினால் முடிவில் நேராக வரும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் சுமார் 9 செ.மீ. இடைவெளி விடுங்கள். அதிகபட்ச ஜூமில், குளிர்ச்சட்டையோடு, துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதைக் குறைத்தால் புருவத்தில் பிறை வடிவக் காயம் நிச்சயம்.

ஜீரோ நகர்ந்தால் எங்கிருந்து தேடுவது?

மாட்டி முடித்த அன்றே, ஒவ்வொரு ரிங்கின் பின்விளிம்பை ஒட்டிக் குழாயின் மேல் வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். திருகுத் தலையிலிருந்து பேஸ் வரை இன்னொரு சிறு கோடு. இருபது குண்டு சுட்ட பிறகு பாருங்கள். ரிங்குக்கும் குழாய்க் கோட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், அல்லது கோடே ரிங்குக்குள் மறைந்துவிட்டால், ஸ்கோப் வழுக்குகிறது. திருகுக் கோடு முறிந்திருந்தால் திருகு தளர்கிறது.

குண்டுகள் இரண்டு தனித்தனிக் கூட்டமாக, இங்கே மூன்று அங்கே மூன்று என்று விழுந்தால், ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே தாவுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தேடுவது கீழிருந்து மேலே: முதலில் ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள், அடுத்து பேஸ் திருகுகள், பிறகு குறுக்கு போல்ட், கடைசியில் ரிங் மேல்மூடி. பேஸ் திருகைப் பார்க்க ஸ்கோப்பைக் கழற்ற வேண்டியிருப்பதால் பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள், பழுது இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

நான்கும் இறுக்கமாக இருந்து, கோடுகளும் அசையாமல் இருந்து, இன்னும் ஜீரோ நிற்கவில்லை என்றால், நன்றாக வேலை செய்வது உறுதியான வேறொரு ஸ்கோப்பை அதே ரிங்கில் மாட்டிப் பத்து குண்டு சுடுங்கள். அது நின்றால் பழைய ஸ்கோப்பை உத்தரவாதத்துக்கு அனுப்பலாம்.